பந்து போன பக்கம்

1

அந்த யோசனை எனக்கு வந்தபோது ஒரு காலில் சப்பாத்து இருந்தது, மற்றக் காலில் இல்லை. சிசிலியின் கத்தானியாவில் கூடைப்பந்து மட்ச் தோற்றுவிட்டு உடை மாற்றும் அறையில் இருந்தோம். அங்கே அறைகள் இரண்டு. ஒன்றில் தண்ணீர் வராததால் வென்றவர்களும் தோற்றவர்களும் ஒரே இடத்தில் குளிக்க வேண்டியதாயிற்று. அன்று முழுவதும் என் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டு திரிந்த எதிரணிக்காரி ஜூலியா, ஈரத் தலையோடு வந்து என் பக்கத்து வாங்கில் இருந்தாள்.

“ஓகஸ்டில் அமெரிக்கா போகிறேன்” என்றாள், நான் கேட்காமலே.

“சுற்றிப் பார்க்கவா?”

“விளையாட. படிக்கவும்தான், அம்மாவுக்காக.”

“அவ்வளவு பெரிய ஆளா நீ?” என்று கேட்டுவிட்டேன். தோற்ற வயிற்றெரிச்சல்.

அவள் கோபிக்கவில்லை. “பெரிய பல்கலைக்கழகங்கள் என்னை வாசலிலும் நிற்க விடாது. இது சின்னக் கல்லூரி. என்னுடைய பள்ளிக்கூடத்தில் இருக்கிற அளவு பிள்ளைகள்தான். அந்த மாதிரி அங்கே ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவர்களுக்கும் அணி உண்டு, ஆள் வேண்டும். வீடியோ அனுப்பினேன், பார்த்தார்கள், கதைத்தார்கள், எடுத்தார்கள்.” எழும்பிப் போகும்போது துவாயால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். “நீ என்னை விட நன்றாகப் பாஸ் கொடுக்கிறாய். இன்னும் ஏன் எழுதவில்லை?”

இன்னும் ஏன்! எல்லாருக்கும் தெரிந்த ஒரு கடைக்கு நான் மட்டும் போகாமல் இருந்ததுபோல. பலெர்மோ வரும்வரை பஸ்ஸில் போனின் உயிர் போகத் தேடினேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நம்முடைய இடத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்; நான் சொல்வது பட்டப்படிப்புக்கான கல்லூரி. சோள வயல்களுக்கு நடுவில், ஒரு தெருவும் ஒரு பெட்ரோல் நிலையமும் உள்ள ஊரில், ஒரு கல்லூரி, அதற்கு ஒரு கூடைப்பந்து அணி, அந்த அணிக்கு ஒரு கோச். அந்தக் கோச் தானே மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பாராம். அது போதும் எனக்கு.

எங்கள் வீடுகளில் பதினெட்டு வயதுப் பிள்ளை என்ன ஆகலாம் என்பது முன்கூட்டியே முடிவான விஷயம். தாதி, பார்மசி, இல்லாவிட்டால் லண்டன் மாமா வீட்டில் நின்று ஏதாவது. பந்து அதற்குள் எங்கும் இல்லை.

2

நாங்கள் இருப்பது பலெர்மோவின் சீசா என்ற பகுதியில், நாலாம் மாடி. அப்பா நகரத்தின் நடுவில் ஒரு பெரிய கட்டடத்தின் போர்த்தியேரே. அதாவது வாசல் காவலும் படிக்கட்டுத் துப்புரவும் கடிதம் பிரிப்பதும் எல்லாம் அவர்தான். அம்மா காலையில் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியை, சின்யோராவை, பார்த்துக்கொள்கிறார். நான் பத்து வயதில் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து வந்து சேர்ந்தேன். இப்போது லிச்சேயோவில் கடைசி வருடம். அது இங்கத்தைய உயர்தர வகுப்பு.

வந்த புதிதில் இத்தாலிய மொழி வாய்க்குள் நுழையவில்லை. கட்டடத்தில் இருந்த ஒரு சின்யோரா, “பிள்ளையை எங்கேயாவது ஓட விடுங்கள்” என்றார். அப்பா பக்கத்துக் கூடைப்பந்து கிளப்பில் கொண்டுபோய் விட்டார். நானோ அதுவரை அம்மாவோடு வளவுக்குள் வலைப்பந்து எறிந்து பழகியவள். அம்மா தன் பள்ளிக்கூட அணியில் ஆடியவர். வலைப்பந்தில் பந்து கைக்கு வந்ததும் கால் நிற்க வேண்டும். தட்டிக்கொண்டு ஓட முடியாது. கூடைப்பந்தில் ஓடாவிட்டால் நீ ஒரு மின்கம்பம்.

எங்கள் கோச் நீனா தொண்டை கிழியக் கத்துவார்: “ஆரணி! பந்து வந்தால் ஏன் மரமாகிறாய்?”

ஓடப் பழகிவிட்டேன். ஆனால் அந்தப் பழக்கத்தின் மிச்சம் ஒன்று என்னோடு தங்கிவிட்டது. பந்து வந்த பிறகு யோசிக்க நேரமில்லை என்று என் உடம்பு நம்புகிறது. ஆகவே வருவதற்கு முன்பே எங்கே எறிவது என்று பார்த்து வைத்துவிடுவேன். நான் கட்டை. எட்டிப் போடுகிற ஆள் அல்ல. எறிந்து கொடுக்கிற ஆள். கியாரா என்ற எங்கள் அணிக்காரி சொல்வாள்: “நீ எனக்குப் பந்தைத் தருவதில்லை, நான் போகப்போகிற இடத்துக்கு அனுப்பிவிட்டு என்னைத் திட்டுகிறாய்.”

கத்தானியாவிலிருந்து வந்த அன்று இரவுச் சாப்பாட்டில் வீட்டில் சொன்னேன். எவ்வளவு அவசரம் பாருங்கள், சொல்லைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. “அமெரிக்காவிலை ஆள் சேர்க்கினம் அம்மா. பொம்பிளைப் பிள்ளையளையும் சேர்க்கினம். என்னையும் எடுக்கச் சொல்லி எழுதப்போறன்.”

அம்மா பிட்டுக்குக் கறி விட்ட கையை அப்படியே நிறுத்தினார்.

“என்ன சொன்னனீ?”

“ஆள் சேர்க்கினம்…”

“இந்த வீட்டிலை அந்தக் கதை வேண்டாம்.” எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். கோப்பையைக் கழுவும் சத்தம் வந்தது; சாப்பிடாத கோப்பையை.

அப்பாதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அம்மாவுக்குப் பதினாறு வயதில், இயக்கம் போருக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டுப் படலையைத் தட்டிய காலம். அம்மாவைப் பெரியம்மா வீட்டின் பின்னறையில் ஒளித்து வைத்திருந்தார்களாம். வலைப்பந்து அன்றோடு நின்றது. அணியில் அவரோடு ஆடிய இரண்டு பேர் திரும்பி வரவில்லை.

“வேறை மாதிரிச் சொல்லு பிள்ளை” என்றார் அப்பா. “இல்லாட்டிச் சொல்லாதை.”

அதன் பிறகு வீட்டில் நான் அதை “விண்ணப்பம்” என்றே சொல்லி வந்தேன். சொல்லை மாற்றினேன், அம்மாவின் முகம் மாறவில்லை. ஒரு கூட்டமாகப் பெண் பிள்ளைகள், ஒரே உடுப்பு, தூரத்தில் யாரோ ஒருவரின் கட்டளை. அம்மா அதை எப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. விளங்கியும் நிறுத்த முடியவில்லை.

3

காலையில் பள்ளிக்கூடம். மத்தியானம் அம்மாவின் சோறு. பிறகு பயிற்சி. பயிற்சி முடிந்து வந்து மின்னஞ்சல். முதலில் எழுதியவற்றை இப்போது வாசித்தால் சிரிப்பு வருகிறது. ஊரில் அதிபருக்கு லீவுக் கடிதம் எழுதிப் பழகிய கை அல்லவா! “மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் பொன்னான நேரத்தை…” என்பதன் ஆங்கிலம். ஒருவரும் பதில் போடவில்லை. ஜூலியாவிடம் காட்டினேன். “நீ வேலைக்குப் போகிறாயா, அரசியைப் பார்க்கப் போகிறாயா?” என்றாள். மூன்று வரியாகக் குறைத்தேன். என்ன உயரம், என்ன இடத்தில் ஆடுகிறேன், என்ன புள்ளிகள் எடுக்கிறேன். பதில்கள் வரத் தொடங்கின. எல்லாமே ஒரே கேள்வி: வீடியோ எங்கே?

வீடியோவா? அதற்குத்தான் எங்களிடம் ஆள் இருக்கிறாரே!

ரவி மாமா அப்பாவின் நண்பர். சிசிலித் தீவில் ஒரு தமிழ்ப் பிள்ளை பெரிய பிள்ளையாகிச் சாமத்தியவீடு நடந்தால், கலியாணம் நடந்தால், ஒரு வயதுப் பிறந்தநாள் நடந்தால், தோளில் கமராவோடு அவர் நிற்பார். அப்பா கேட்டதும் அந்தச் சீசனில் என்னுடைய உள்ளூர் மட்ச் எல்லாவற்றுக்கும் வந்தார். சட்டைப் பையில் மாற்று பற்றரி, கழுத்தில் துவாய். நடுவரே அவரைப் பார்த்து வணக்கம் சொல்லுமளவுக்கு வந்துவிட்டது.

படம் முடிந்ததும் எங்கள் வீட்டு ரீவியில் போட்டார். தாமரை ஒன்று விரிந்தது. அதற்குள் என் குழந்தைப் படம். தங்க எழுத்தில் “ஆரணியின் கூடைப்பந்துப் பயணம்”. பிறகு நான் தலைமயிர் கட்டுவது, மெதுவாக. வியர்வை துடைப்பது, இன்னும் மெதுவாக. பின்னால் நாதஸ்வரம்.

“மாமா, தாமரையை எடுத்துவிடலாமோ?”

“தாமரை இல்லாட்டி எப்பிடி மருமோள் தொடங்குறது?” உண்மையாகவே கேட்டார்.

“சும்மா தொடங்கலாம். பந்தோடை.”

“சரி, அமெரிக்காக்காரருக்கு ரசனை அவ்வளவுதான் எண்டா நான் என்ன செய்ய?”

தாமரை போனது, நாதஸ்வரம் போனது, தங்க எழுத்துப் போனது. மீதி இருந்தது முழுக்க ஆட்டம். அதை வீட்டில் எல்லாரும் இருந்து பார்த்தோம். அப்பா கதிரை நுனியில் இருந்து, “அந்தா, அந்தப் பந்து நேரே கியாராவுக்கு!” என்று கத்தினார். “இது மற்றப் பக்கம், பெதரீக்காவுக்கு. போட்டிட்டாள்!” அம்மாகூடக் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். எனக்கும் நன்றாகவே இருந்தது. அன்றே அனுப்பினேன்.

அந்தப் படத்தில் என்ன பிழை என்று எங்கள் வீட்டில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியவும் வாய்ப்பில்லை.

4

தெரிந்தது குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில், வரிசையில் நின்றபோது. பதினெட்டு ஆகிவிட்டதால் என்னுடைய பெர்மெஸ்ஸோவை, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையை, அப்பாவின் பெயரிலிருந்து பிரித்து என் பெயரில் எடுக்க வேண்டும். அதற்குக் காலையிலிருந்து நிற்க வேண்டும். அட்டை இல்லாமல் இத்தாலியை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வருவது பெரும்பாடு. அப்பா கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. அவருடைய பிரதிக்கும் ஒரு பிரதி இருக்கும் என்று நான் பகிடி பண்ணுவதுண்டு.

போன் துடித்தது. அனுப்பியவர் கோச் மேரியன், அந்தச் சின்ன அமெரிக்கக் கல்லூரிகளில் ஒன்றிலிருந்து. எனக்குப் பதில் எழுதியவர்களில் என்னுடைய பெயரைச் சரியாக எழுதிய ஒரே ஆள். எல்லாவற்றையும் விட முக்கியம், வரப்போகும் வருடத்துக்கு அவரிடம் பந்து எறிந்து கொடுக்கும் இடத்தில் ஓர் ஆள் குறைகிறது. அந்த ஓர் இடம்தான் இத்தனை நாளும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மின்னஞ்சலை அப்படியே தமிழில் தருகிறேன்:

“ஆரணி, முழுவதும் பார்த்தேன். இரண்டு தடவை. ஒரு பெண் பந்தைப் பிடிக்கிறாள், எறிகிறாள், எறிந்த பிறகு சிரிக்கிறாள். பந்து எங்கே போனது? கமரா உன் முகத்தை விட்டு ஒரு நொடியும் நகரவில்லை. ஒன்று மட்டும் பார்த்தேன். பந்து உன்னிடம் வருவதற்கு முன்பே உன் கண் வேறெங்கோ போகிறது. அங்கே என்ன இருந்தது? அதை எனக்குக் காட்டு. ஒரு முழு ஆட்டம், வெட்டாமல், உயரத்திலிருந்து, பத்துப் பேரும் தெரிய வேண்டும். அடுத்த திங்கள் நான் முடிவெடுத்தாக வேண்டும். அதற்கு முன் உன் பெற்றோரோடும் கதைக்க வேண்டும்.”

வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னால் நின்றவர் முதுகில் தட்டினார்.

“ஆர் பிள்ளை?” என்றார் அப்பா.

“கோச். படத்திலை பந்து இல்லையாம்.”

“என்ன விசர்க் கதை? எத்தினை பந்து எறிஞ்சனீ!”

“எறிஞ்சது தெரியுது அப்பா. போனது தெரியேல்லை.”

அப்பாவின் கண்ணில் அந்தப் படம் மறுபடி ஓடுவது எனக்குத் தெரிந்தது. நாங்கள் எல்லாரும் அந்த மட்ச்களை நேரில் பார்த்தவர்கள். பந்து எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே ரீவியில் அது இல்லாததை ஒருவரும் காணவில்லை. இல்லாததை நாங்களே போட்டுப் பார்த்துக்கொண்டோம். ரவி மாமாவையும் குறை சொல்ல முடியாது. அவர் தொழிலில் சட்டம் ஒன்றுதான்: விழா நாயகியை விட்டுக் கமரா விலகக் கூடாது. ஆராத்தி எடுப்பவர்களின் கைகள் ஓரத்தில் வந்து போகும், பிள்ளையின் முகம் நடுவில் இருக்கும். என்னையும் அப்படித்தான் எடுத்திருக்கிறார். என் அணிக்காரிகள் எல்லாரும் ஆராத்திக் கைகளாகிவிட்டார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார். என்னுடைய பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று கேட்டார். அப்பாவின் பெயர்தான் என் குடும்பப் பெயர் என்று சொன்னேன். “அப்படியானால் உன் அப்பாவின் குடும்பப் பெயர்?” அது அவருடைய அப்பாவின் பெயர். அவர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று என் தலைக்குள் ஒன்றுதான்: திங்களுக்கு முன்னால் எங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு மட்ச். ஞாயிறு, பதினொரு மணி. சீசனில் கடைசி.

5

கோச் மேரியன் அழைத்தது புதன் பின்னேரம். அங்கே அப்போது காலை. அம்மா வேலைச் சட்டையை மாற்றி நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சம்மதம் கொடுக்க வந்தவர்போல அல்ல, வைத்தியரிடம் முடிவு கேட்க வந்தவர்போல மேசையின் முன் இருந்தார். அப்பாவுக்கு ஊர்ப் பள்ளிக்கூட ஆங்கிலம் கொஞ்சம் உண்டு. அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு.

திரையில் நரைத்த குட்டை மயிரோடு ஒரு பெண். பின்னால் சுவரில் பழைய பந்து ஒன்று, காற்றுப் போனது. முதல் கேள்வியையே அம்மாவிடம் வைத்தார்.

“உங்கள் மகளைப் பற்றி நல்லதெல்லாம் அவளே எழுதிவிட்டாள். எனக்கு ஒரு கெட்ட குணம் சொல்லுங்கள்.”

மொழிபெயர்த்தேன். அம்மா யோசிக்கவே இல்லை.

“தோத்தால் இரண்டு நாள் ஒருத்தரோடையும் கதைக்க மாட்டாள். பிழை தன்ரையெண்டு தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாள். சாப்பிட மாட்டாள். சாப்பிடேல்லை எண்டு நான் சாப்பிடாமல் இருந்தால் மட்டும் வந்து இருப்பாள்.” ஒரு மூச்சு விட்டார். “அதோடை நான் இவளை அனுப்புறன் எண்டு இன்னும் சொல்லேல்லை. அதையும் சொல்லு அந்த மனுசிக்கு.”

முதல் பாதியைச் சொன்னேன். பிறகு நின்றேன். ஒரு வசனம்தானே, விழுங்கிவிடலாம். “அம்மாவுக்கு மகிழ்ச்சி” என்று ஒரு வார்த்தை போட்டால் திரைக்கு அந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? அப்பா மேசைக்குக் கீழே தன் காலால் என் காலைத் தொட்டார். மிதிக்கவில்லை, தொட்டார்.

சொன்னேன். முழுவதையும்.

கோச் மேரியன் தலையாட்டினார். “நல்லது. நானும் இன்னும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறோம்.”

அம்மாவிடம் சொன்னேன். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“கேள். அங்கை இவள் தோத்தால் ஆர் சாப்பாடு குடுக்கிறது?”

கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன். கோச் சிரிக்காமல் பதில் சொன்னார்: “தோற்ற அன்று எல்லாரும் என் வீட்டில் சாப்பிடுவார்கள். கதைக்கத் தேவையில்லை, சாப்பிட வேண்டும். என் சமையல் மோசம். அதுவும் தண்டனையில் சேர்த்தி.”

“நிக்க விருப்பமில்லாத பிள்ளை அணியை விட்டுப் போகலாமோ?” என்றார் அம்மா.

இந்தக் கேள்வியின் பின்னால் என்ன இருந்தது என்று கோச்சுக்குத் தெரியாது. எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். அப்படியே ஆங்கிலத்தில் கேட்டேன்.

“எந்த நாளும் போகலாம்” என்றார் கோச். “பந்தைத் திருப்பித் தந்துவிட்டுப் போனால் நல்லது. பந்துக்குத்தான் எங்களுக்குத் தட்டுப்பாடு.”

அழைப்பு முடிந்தது. அம்மா எழுந்து நல்ல சட்டையை மாற்றப் போனார். வாசலில் நின்று, திரும்பாமல், “மனுசி பரவாயில்லை” என்றார். அவ்வளவுதான். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

6

இனி ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறு, அதே காலை, தேவி சித்தியின் மகளுக்குச் சாமத்தியவீடு. சித்தி அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. அம்மா தட்டு எடுக்க வேண்டியவர். நான் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய தோழி. ரவி மாமாவுக்கோ மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்தாயிற்று.

“இரண்டு நாயகியும் ஒரே நேரத்திலை எண்டால் நான் என்ன செய்ய மருமோள்?” போனில் அவர் குரல் உடைந்தே போயிருந்தது. பந்து விஷயத்தை அவரிடம் நான்தான் மெதுவாகச் சொன்னேன். “ஓம். நான் உன்னைத்தான் பார்த்தனான்” என்றார்.

இங்கே எங்கள் ஆட்டங்களை ஒருவரும் ஒளிபரப்புவதில்லை. மற்றப் பெற்றோரிடம் இருப்பது ஆளுக்கு அரை நிமிடத் துண்டுகள். மண்டபத்தில் மேல்மாடம் ஒன்று உண்டு. கைப்பிடி ஆட்டம் காண்கிறது என்று பூட்டியிருக்கிறார்கள். சுவரில் போனை உயரமாகக் கட்டலாமா என்று மண்டபக் காவலாளியிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“கட்டினால் அது நிறுவல். நிறுவலுக்கு அனுமதி வேண்டும். விண்ணப்பித்தால் கோடை முடியுமுன் வரலாம்.”

“நிலத்தில் ஒரு உயரமான தாங்கி வைத்தால்?”

“அதுவும் நிறுவல்.”

“யாராவது கையில் பிடித்துக்கொண்டு நின்றால்?”

அவர் நீண்ட நேரம் யோசித்தார். “அது பார்வையாளர்” என்றார்.

வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் அடுத்த நாள் வேலையிலிருந்து ஒரு தடியைக் கொண்டுவந்தார். படிக்கட்டின் உயரக் கண்ணாடிகளைத் துடைக்கிற தடி. ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்தால் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் போகும். நுனியில் துடைப்பானுக்குப் பதிலாக என் போனைப் பூட்டினார். கியாராவின் அப்பாவும் பிடிக்க முன்வந்தார்தான். ஆனால் அவர் மட்ச் பார்க்கும்போது இரண்டு கையாலும் நடுவரைத் திட்டுகிறவர். தடி கூரையில் போய் இருக்கும்.

இன்று சனி. மத்தியானம் அப்பாவின் கட்டடத்து முற்றத்தில் ஒத்திகை பார்த்தோம். அப்பா மூலையில் தடியை ஊன்றி நின்றார். நான் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினேன், சுவரில் எறிந்தேன், திரும்ப ஓடினேன். இரண்டாம் மாடிச் சின்யோரா பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன, முற்றத்தில் மீன் பிடிக்கிறீர்களா?” என்று கேட்டார். “இல்லை சின்யோரா, மகளை” என்றார் அப்பா. இவருக்கு இத்தாலிய மொழியில் பகிடி விட எப்போது வந்தது!

போனை இறக்கிப் படத்தைப் பார்த்தோம். முற்றம் தெரியவில்லை. நான்தான் தெரிந்தேன். நான் இடப்பக்கம் ஓடினால் படமும் இடப்பக்கம். நின்றால் நின்றது.

“அப்பா, ஆட்டக் கூடாது.”

“நான் எங்கை ஆட்டினனான்?”

இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவை அவரே தடியை மடக்கிவிட்டுச் சொன்னார்: “பிள்ளை ஓடேக்கை கை தன்பாட்டிலை வருது. நான் என்ன செய்ய?”

“நான் விழுந்தாலும் திருப்பக் கூடாது அப்பா.”

“விழுந்தாலுமோ?”

“விழுந்தாலும்.”

அப்பா முற்றத்துக் குழாயில் முகம் கழுவினார். அந்த நேரம் எனக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. நாளை இந்தப் படமும் இப்படியே போனால் இன்னொரு ஞாயிறு இல்லை. பிறகு அவர் வந்து தடியை மறுபடி நீட்டினார். போனை முற்றத்தின் பக்கம் திருப்பி இறுக்கினார். தன்னை மட்டும் மற்றப் பக்கம் திருப்பினார். சுவரைப் பார்த்துக்கொண்டு, முற்றத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“இப்ப ஓடு.”

ஓடினேன். எறிந்தேன். பார்த்தபோது முற்றம் முழுவதும் இருந்தது: நான்கு மூலையும், சின்யோராவின் கொடியில் காய்ந்த துணியும், பந்து சுவரில் பட்ட இடமும். படம் அசையவே இல்லை.

“அப்ப நாளைக்கு நீங்கள் மட்ச் பாக்க மாட்டியளே?”

“சத்தம் கேக்கும்தானே” என்றார் அப்பா. “நீனா கத்துறதை வச்சு நான் ஸ்கோர் சொல்லுவன்.”

வீட்டுக்கு வந்தபோது அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேசையின் ஒரு பக்கத்தில் அவருடைய நாளைய சேலை, மறுபக்கத்தில் என் ஆட்டச் சட்டை. அந்தச் சட்டைக்கு ஒருவரும் இஸ்திரி போடுவதில்லை. போட்டால் இலக்கம் உருகிவிடும். அம்மா அதன் மேல் ஒரு துணியை விரித்து, அதற்கு மேல் போட்டார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விசா குத்தும்வரை பிள்ளை எங்கேயும் போகப்போவதாக வெளியில் மூச்சு விட மாட்டார்கள். கண்ணூறு ஒரு பக்கம். சரிவராவிட்டால் அடுத்த விசேஷம் வரைக்கும் அதே கேள்வி மறுபக்கம். ஆகவே நானே வழி சொன்னேன்.

“சித்தி கேட்டால் எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ அம்மா.”

“காய்ச்சல் எண்டால் கொத்தமல்லி அவிச்சுக்கொண்டு இஞ்சை வந்து நிற்பாள்.”

“அப்ப பரீட்சை எண்டு…”

“ஞாயிற்றுக்கிழமையோ?” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “உள்ளதைச் சொல்லப்போறன். மட்ச் விளையாடப் போட்டாள், அமெரிக்காவிலை ஒரு மனுசி பாக்கவேணுமாம் எண்டு.”

“அம்மா! அங்கை சொன்னால் பலெர்மோ முழுக்கத் தெரியும். பேந்து இல்லையெண்டு சொல்லேலாது.”

“ஏலாதுதான்” என்றார் அம்மா. துணியைத் தூக்கி இலக்கத்தைப் பார்த்தார். உருகவில்லை. “அதுக்குத்தான் சொல்லப்போறன்.”

சட்டையை மடித்து என் கையில் தந்தார். சூடாக இருந்தது. ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ தோற்றாலும் வாய் வராது, இதற்கும் வரவில்லை. அம்மா ஏற்கனவே சேலைக்குத் திரும்பியிருந்தார்.

நாளை பதினொரு மணிக்கு நடுவர் பந்தை மேலே போடுவார். பெதரீக்கா உயரம், அவள் அதை என் பக்கம் தட்டுவாள். அது என் கைக்கு வருவதற்கு முன் நான் வலப்பக்கம் பார்க்கப் போகிறேன், எதிரணி நம்பும்படி. அந்த நேரம் கியாரா இடது மூலைக்கு ஓடத் தொடங்கியிருப்பாள். இன்று காலை தொலைபேசியில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், என்னைத் திட்டிவிட்டு ஒத்துக்கொண்டாள். அவள் இன்னும் போய்ச் சேராத அந்த இடத்துக்குப் பந்தை எறியப்போகிறேன். எறிந்துவிட்டுச் சிரிக்காமல் ஓடப்போகிறேன். மூலையில் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கூட்டம் கத்தினாலும் அவர் திரும்பாவிட்டால், பந்து போன பக்கம் தெரியும்.